முகப்பை மாற்றிப் பாருங்கள்

சிவகங்கை மாவட்டத்தில் அரசு கொடுத்த மடிக்கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகள் எல்லாருக்கும்,



காரைக்குடியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் என் மேசைக்கு வராத வாரம் கிடையாது. கல்லல், சாக்கோட்டை, புதுவயல், தேவகோட்டை, சில நாள் சிங்கம்புணரியிலிருந்துகூட வரும். பெரும்பாலும் அன்றைக்குக் கொடுத்த அதே பையில், ஜிப் அறுந்து போயிருந்தால் மஞ்சள் பையில். கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, இதுல ஏதாச்சும் செய்ய முடியுமா, இல்ல எடைக்குப் போட்டுறலாமா?”

எடைக்குப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். அதிலும் முக்கியமாக, யாரோ சொன்னதைக் கேட்டு ஒருமுறை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு, “நமக்கு ஒத்து வராது” என்று ஒதுக்கியவர்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் பார்த்துச் சலித்தது லினக்ஸின் டெஸ்க்டாப்பை. அதை மட்டும் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் போட்டோ, பாட்டு, புராஜெக்ட் ஒன்றும் அசையாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை லேப்டாப் வீணாகிக் கிடக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

போன ஆடியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லல் பக்கத்திலிருந்து ஒரு தங்கை வந்தார். பி.எட். படிக்கிறார். லேப்டாப் அவருடைய அக்காவுக்குக் கிடைத்தது, அக்கா கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. நான்கு ஜிபி ராம், சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் திறந்து நிற்பதற்குள் குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்துவிடலாம் என்றார். அதை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கூடவே வந்த க்னோம் டெஸ்க்டாப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்ப வந்து நின்றார். “அண்ணே, பழையதே பரவாயில்லண்ணே. கீழ பட்டையக் காணோம். தொறந்த ஜன்னல சின்னதாக்கி வைக்கிற பட்டனும் இல்ல. ரெண்டு ஃபைல் தொறந்தா எது எங்க போச்சுன்னே தெரியல. அதோட நின்னு நின்னு போகுது.”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நிஜம். க்னோமில் கீழே பட்டை கிடையாது, ஜன்னலைச் சுருக்கும் பொத்தானும் தானாக வராது. அதை ஆக்கியவர்கள் யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். இடது மேல் மூலைக்குக் கர்சரைக் கொண்டு போனால் எல்லா ஜன்னலும் விரிந்து காட்டும், பழகியவர்களுக்கு அது சுகம். பழகாதவருக்கு, அதுவும் நாளைக்கே பாடக்குறிப்பு ஒப்படைக்க வேண்டியவருக்கு, அது இம்சை. அவர் கையையும் அந்த லேப்டாப்பின் ராமையும் பார்க்காமல் வந்ததை வந்தபடி கொடுத்தேன். தவறு என்னுடையது.

லேப்டாப்பைத் திரும்ப வாங்கி எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்பை ஏற்றினேன். சிஸ்டத்தை அழிக்கவில்லை, மறுபடி நிறுவவும் இல்லை, அதன் பக்கத்திலேயே இதையும் இறக்கினேன். வெளியே வந்து, பாஸ்வேர்டு கேட்கும் திரையில் க்னோமுக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇயைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனேன். பட்டையை இழுத்துக் கீழே வைத்தேன், மெனுவை இடது ஓரத்தில் வைத்தேன். அவர் முதலில் திறந்து பார்த்தது டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை. மூன்று நாளில் அடித்து வைத்திருந்த பாடக்குறிப்புகள் அப்படியே இருந்தன. “எல்லாம் இங்கனயே இருக்கேண்ணே?” என்று நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது. டெஸ்க்டாப் மாற்றுவது என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விண்டோஸில் நாம் பார்க்கும் முகமும் உள்ளே ஓடும் இயந்திரமும் ஒன்றாகவே ஒட்டி வருகின்றன. அதனால்தான் இந்த எண்ணம். லினக்ஸ் அப்படிக் கட்டப்பட்டது அல்ல. நம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நுழைந்ததும் முகப்பு. தாண்டினால் வளவு, வளவைச் சுற்றி அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கடைசியில் கிணறு. முகப்பில் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு தளம் போடுகிறோம் என்று வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் மாறுமா? அறைக்குள் பூட்டி வைத்த சாமான் காணாமல் போகுமா? லினக்ஸில் உள்ளே ஓடும் இயந்திரமான கெர்னல் கிணறு மாதிரி, ஆழத்தில் இருக்கிறது. உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் அந்த அறைகள். மெனு, பட்டை, ஜன்னல்களை நகர்த்தும் நிரல், ஃபைல்களைத் திறந்து காட்டும் நிரல், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த முகப்புக்குத்தான் டெஸ்க்டாப் என்று பெயர். ஒரே வீட்டில் இரண்டு முகப்பு வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று புழங்கினாலும் லினக்ஸ் ஒன்றும் சொல்லாது.

இத்தனை முகப்புகள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் லேப்டாப்பின் கதை அதோடு பின்னிக் கிடக்கிறது.

1996 அக்டோபரில் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் கேடிஇ என்ற டெஸ்க்டாப்புக்கு அழைப்பு விடுத்தார். சாதாரண மனிதர்கள் புழங்கும்படி லினக்ஸுக்கு ஒரு முகம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்ட க்யூடி என்ற நிரல் தொகுப்பின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரமாக இல்லை. அதனால் 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். எக்ஸ்எஃப்சிஇயும் 1996-இல் பிறந்ததுதான், ஒலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது. பழைய, எளிய இயந்திரங்களுக்கென்றே எல்எக்ஸ்டிஇ 2006-இல் தைவானிலிருந்து வந்தது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய எல்எக்ஸ்க்யூடி.

பிறகு 2011. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கியது. அதே 2011 ஏப்ரலில்தான் க்னோம் மூன்றாம் பதிப்பு வந்து, அதுவரை பழகிய மெனுவையும் பட்டையையும் ஒரேயடியாக மாற்றியது. அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வகை, யூனிட்டி என்ற தன் சொந்த முகத்துக்குப் போனது. உலகம் முழுக்கப் பெரிய சண்டை. பழைய க்னோமை விட மனமில்லாமல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் அதன் நிரலை எடுத்து மாட்டே என்று பெயரிட்டு வளர்க்கத் தொடங்கினார். அந்த நாட்டில் குடிக்கும் ஒரு வகைத் தேநீரின் பெயர் அது. லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் ஆட்கள் சினமன் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கினார்கள். லினக்ஸ் கெர்னலை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த ஆண்டு க்னோம் பிடிக்காமல் எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார். அதற்கு முன்னால் கேடிஇயின் நான்காம் பதிப்பு பிடிக்காமல் க்னோமுக்கு வந்தவரும் அவர்தான். சில காலம் கழித்துத் திரும்ப க்னோமுக்கே போனார். உபுண்டுவும் 2017 அக்டோபரில் யூனிட்டியை விட்டுவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. கெர்னலை எழுதியவரே பலமுறை மாறியிருக்கிறார். நீங்கள் ஒருமுறை மாறிப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்களில்தான் நம் வீடுகளுக்கு லேப்டாப் வந்து இறங்கியது. 2011-இல் தொடங்கி ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். ஸ்விட்ச் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரை வருமே, அதில் ஒன்று. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது, 2007-இல் முதல் பதிப்பு வந்தது. நம் ஊர் ஆட்கள் நம் மொழிகளுக்காகச் செய்தது. லேப்டாப் திட்டத்துக்கும் முன்னால், தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அங்கே கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றி, அரசு அலுவலகங்களையும் மாறச் சொல்லிப் பாடுபட்டார். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு லினக்ஸைக் கையில் கொடுத்தார்கள், பழக்கிக் கொடுக்க ஆள் இல்லை. கறுப்புத் திரையில் மேலே இருப்பதை அழுத்தி விண்டோஸுக்குப் போய்விட்டோம். கொஞ்ச நாளில் யாராவது ஒரு கடைக்காரர், “இது எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு” என்று லினக்ஸை அழித்தும் கொடுத்தார். என் தொழில்காரர்கள்தான், எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். முதல் சில வருடங்களில் கொடுத்த லேப்டாப் எதிலும் இது கிடையாது. பாதுகாப்பு இல்லாத சிஸ்டத்தில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள் என்று நான் சொன்னால், அடுத்த வார்த்தை “அப்ப புதுசுதான் வாங்கணுமா?” என்பதாக இருக்கிறது. தேவையே இல்லை. பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் இடித்த வீடுகளின் நிலைக்கதவையும் தேக்குத் தூணையும் முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுக்கி வைத்து, உலகத்தில் எங்கெங்கிருந்தோ ஆள் வந்து வாங்கிப்போகிற ஊர் நம்முடையது. பழைய பொருளுக்கு உயிர் உண்டு என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த முகப்பு யாருக்கு என்று என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு ஜிபி ராம் மட்டும் உள்ள முதல் கால லேப்டாப் என்றால் எல்எக்ஸ்க்யூடி போடுங்கள். லுபுண்டு என்று தேடினால் அதோடு சேர்த்தே கிடைக்கும். அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் நிற்காமல் ஓடும். நான்கு ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸ் 7 பழகிய கைக்கு அது சட்டென்று பிடிபடும், வருடக்கணக்கில் முகம் மாறாது. அம்மா, அப்பா புழங்கப் போகும் லேப்டாப்புக்கு நான் எப்போதும் இதைத்தான் போடுகிறேன். மாட்டேயும் இந்த வரிசையில் தைரியமாக வைக்கலாம். எட்டு ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா? அப்படியானால் எது வேண்டுமானாலும் போடலாம், க்னோமையும் ஒரு வாரம் பொறுமையாகப் பழகிப் பாருங்கள். கேடிஇயின் இன்றைய பிளாஸ்மாவை “கனமானது” என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. ஒவ்வொரு மூலையையும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு அதற்கு ஈடு இல்லை. தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். அதில் புது லேப்டாப் கிடைக்கும் தம்பி, தங்கைகள் உங்கள் அண்ணன், அக்காவின் பழையதை முதலில் எடுத்து, அதில் இந்த முகப்புகளைப் போட்டுப் பழகுங்கள். கெட்டுப்போகுமோ என்ற பயமில்லாமல் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஒரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப் மாற்றினால் மிச்சமாவது சில நூறு எம்பி ராம். அதற்கு மேல் பிரவுசரில் பதினைந்து பக்கத்தைத் திறந்து வைத்தால் எந்த முகப்பும் காப்பாற்றாது. சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டால் கிடைக்கிற வேகம் தனி. பணம் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பணம் இல்லாவிட்டால் முகப்பை மாற்றுங்கள், அதற்குச் செலவே கிடையாது.

மாற்றுகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ, எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் சுபுண்டுவையோ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே லினக்ஸ் இருக்கிறவர்கள் போட்டோவையும் சர்ட்டிபிகேட் ஸ்கேனையும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிட்டு, மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக் என்ற நிரலைத் திறந்து புது டெஸ்க்டாப்பின் பெயரைத் தேடி இறக்குங்கள்.

இறங்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பெட்டி குறுக்கே வரலாம். ஜிடிஎம்3 வேண்டுமா, லைட்டிஎம் வேண்டுமா என்று கேட்கும். நிறையப் பேர் இந்த இடத்தில் பயந்து லேப்டாப்பை ஆஃப் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். பாஸ்வேர்டு கேட்கும் திரையை யார் காட்டுவது என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டேப் அழுத்தி, எண்டர் கொடுங்கள். ராம் குறைவு என்றால் லைட்டிஎம் நல்லது.

பிறகு வெளியே வந்து, பெயரைத் தட்டி, பாஸ்வேர்டு போடுவதற்கு முன்னால் கண்ணை ஓட்டுங்கள். ஜிடிஎம் என்றால் வலது கீழ் மூலையில் ஒரு பல்சக்கரம் தெரியும். லைட்டிஎம் என்றால் பெரும்பாலும் மேலே வலது பக்கத்தில் சின்னப் படம் இருக்கும். அதைத் தட்டினால் இருக்கிற முகப்புகளின் பட்டியல் விழும். இந்தப் பல்சக்கரத்தைக் கவனிக்காமல், “இறக்கினேன், ஒண்ணுமே மாறலையே” என்று வந்தவர்கள் எத்தனையோ பேர்.

எக்ஸ்எஃப்சிஇக்குள் போனதும் டச்பேடைத் தட்டினால் கிளிக் ஆகாமல் இருக்கலாம். டச்பேட் போய்விட்டது என்று பதற வேண்டாம். செட்டிங்ஸில் மவுஸ், டச்பேட் பகுதியில் தட்டினால் கிளிக் ஆகட்டும் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டால் சரி. மெனுவில் ஒரே வேலைக்கு இரண்டிரண்டு நிரல் தெரியும், ஃபைல் பார்க்க நாட்டிலஸ் ஒன்று, துனார் ஒன்று. இரண்டும் இருக்கட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது.

இங்கேதான் ஆசை வரும்: க்னோம் என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் தேடித் தேடி நீக்கிவிடுவோம், இடம் மிச்சம் என்று. கையை வையாதீர்கள். எக்ஸ்எஃப்சிஇ பட்டையில் வைஃபை படத்தைக் காட்டும் நிரலுக்குப் பழைய பதிப்புகளில் நெட்வொர்க் மேனேஜர் க்னோம் என்றுதான் பெயர். பெயரைப் பார்த்து அதையும் நீக்கிவிட்டு, நெட் போய், திரும்ப இறக்கவும் வழியில்லாமல் போன ஒரு தம்பிக்கு என் போனிலிருந்து கேபிள் போட்டு நெட் கொடுத்துச் சரி செய்தேன். ஒரு மாதம் இரண்டு முகப்பையும் வைத்துக்கொண்டு புழங்குங்கள். பழையதை நீக்கும்போது, என்னென்ன போகப்போகிறது என்று சினாப்டிக் காட்டும் பட்டியலை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

அடுத்தது தமிழ். கல்லல் தங்கை லேப்டாப்பை வாங்கிப்போன அன்று இரவே போன் செய்தார். “அண்ணே, எல்லாம் நல்லாருக்கு. ஆனா தமிழ் அடிக்க முடியலண்ணே.” எனக்குச் சுருக்கென்றது. அவர் அடிப்பது தமிழ்ப் பாடக்குறிப்பு. அதைப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். விஷயம் இதுதான்: தமிழ்99 விசைப்பலகையைத் தருவது ஐபஸ் என்ற நிரலும் அதோடு சேர்ந்த எம்17என் தொகுப்பும். க்னோம் தன் செட்டிங்ஸுக்குள்ளேயே ஐபஸை வைத்து, உள்ளே நுழைந்ததும் தானே ஓட்டிவிடும். எக்ஸ்எஃப்சிஇ அப்படிச் செய்யாது. க்னோமில் சேர்த்து வைத்த விசைப்பலகையும் இங்கே தெரியாது. ஐபஸின் செட்டிங்ஸைத் தனியே திறந்து, தமிழ் என்று தேடி, தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். ஐஎம் கான்ஃபிக் என்ற சின்ன நிரலைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியே போய் வர வேண்டும். போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அழுத்த அழுத்த, நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திரையை மனதில் பார்த்தேன். கடைசியில் அந்தப் பக்கம், “அ வந்துருச்சுண்ணே!” என்று சத்தம் கேட்டது.

தமிழ்99 என்று நம் அரசு விசைப்பலகையை வரையறுத்தது 1999-இல். அதை லினக்ஸில் யாரோ சிலர் சம்பளம் வாங்காமல் எழுதி வைத்ததால்தான் இன்று அந்தத் தங்கை பாடக்குறிப்பு அடிக்கிறார். மெனுவெல்லாம் தமிழில் தெரிகிறதே, அதுவும் அப்படித்தான். 2000-களின் தொடக்கத்திலேயே வெவ்வேறு நாடுகளிலிருந்த தமிழர்கள் இரவில் உட்கார்ந்து கேடிஇயையும் க்னோமையும் தமிழாக்கினார்கள். எல்லா முகப்பிலும் அந்த வேலை ஒரே அளவுக்கு முடியவில்லை. எக்ஸ்எஃப்சிஇயைத் தமிழில் வைத்தால் சில வரி தமிழிலும் சில வரி ஆங்கிலத்திலும் நிற்கும். அதைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போவதைவிட, அழகப்பா பல்கலைக்கழகத்திலும் அழகப்பா கல்லூரிகளிலும் தமிழும் கணினியும் படிக்கும் தம்பி, தங்கைகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கோடை விடுமுறையில் அந்த விடுபட்ட வரிகளை முடித்துவிடலாம். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு நடக்கும் தளங்கள் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன, வேண்டியது நல்ல தமிழும் பொறுமையும். 2012-இலிருந்து கணியம் என்ற பெயரில் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவில் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். காஞ்சியில் முடிந்தது காரைக்குடியில் முடியாதா என்பது என் நெடுநாள் ஏக்கம்.

எல்லாரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டேலியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர் விண்டோஸிலேயே இருங்கள். பத்திரிகை அடிக்கிற டிடிபி கடையில் ஃபோட்டோஷாப்பும் பழைய தமிழ் எழுத்துருக்களும்தான் சோறு போடுகின்றன என்றால், அந்தக் கணினியைத் தொட வேண்டாம். ஆனால் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஆன்லைன் வகுப்பு, பாடக்குறிப்பு, மகளிர் குழுக் கணக்கு, யூடியூப், கடிதம், போட்டோ இவ்வளவுதான் வேலை என்றால், அலமாரியில் கிடக்கும் அந்த லேப்டாப் உங்களுக்குத் தாராளமாகப் போதும். லிப்ரே ஆபீஸில் மகளிர் குழுக் கணக்கை எழுதும் ஒரு அக்கா சாக்கோட்டையில் இருக்கிறார், அவர் மகனுக்குக் கிடைத்த லேப்டாப்பில். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வட்டியை அதுவாகவே கூட்டும்படி நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த சூத்திரத்தை, மூடியின் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்ற பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. கீழே பட்டை இருக்கிறது, அதில் கணக்குப் புத்தகத்தின் படம் இருக்கிறது, தட்டினால் திறக்கிறது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து லேப்டாப்பை வெளியே எடுங்கள். என் கடைக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. பக்கத்தில் லினக்ஸ் தெரிந்த ஒரு தம்பி இருப்பான், அவனைக் கூப்பிடுங்கள். யாருமே இல்லாவிட்டால் ஒரு பென்டிரைவோடு வாருங்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கடையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இதற்கென்றே உட்கார்ந்திருப்பேன். உங்கள் லேப்டாப்பில், உங்கள் கையாலேயே மாற்றலாம், நான் பக்கத்தில் இருப்பேன். காசு வேண்டாம். வரும்போது சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள், பழைய பேட்டரி நடுவில் கைவிட்டுவிடும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
காரைக்குடி